சிங்கத்தின் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு

லாம் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வெளியில் நனைந்த பனி. அவருடைய இரண்டு காதும் சிவந்துபோய் இருந்தன. தேத்தண்ணி போட நான் எழும்பினேன்.

"தேத்தண்ணி பிறகு, பூமா. முதலில பிள்ளையைக் காட்டும்."

பிள்ளை என்று அவர் சொன்னது சிங்கத்தை.

பிராண்டே என்ற சின்ன டேனிஷ் ஊரில், என் வீட்டு இருப்பறையில், சாமிப் படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில், பெரிய கதிரையில் அது மூன்று கிழமையாகக் குந்தியிருந்தது. மூங்கிலும் துணியுமாகச் செய்த ஆட்டச் சிங்கம். மஞ்சள் முகம். வெள்ளைத் தாடி. நெற்றியில் ஒரு சின்னக் கண்ணாடி. உச்சியில் ஒரு கொம்பு. சிங்கத்துக்கு ஏன் கொம்பு என்று நான் கேட்கவில்லை. எங்கள் கோயில் யாளிக்குத் தும்பிக்கை இருக்கலாம் என்றால் அவர்களுடைய சிங்கத்துக்குக் கொம்பு இருந்தால் என்ன? கண்களை மட்டும் சிவப்புத் துணியால் கட்டியிருந்தார்கள்.

மூடி வைத்திருந்த விரிப்பை இழுத்தேன்.

லாம் முதலில் உடம்புத் துணியைத்தான் பார்த்தார். விளிம்பைப் புரட்டி, தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார். துணி வெட்டுகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஒரு நூலும் அசையவில்லை. "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் போதும்.

பிறகு தலையைச் சுற்றி வந்தார். வலது பக்கம் வந்ததும் நின்றார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"இது என்ன?"

காதுக்குக் கீழே, கன்னத்தில், பயறு அளவில் ஒரு கறுப்புப் பொட்டு.

"அது நான் வைச்சது. கண்ணூறு படாமலிருக்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

லாம் பொத்தென்று நிலத்தில் இருந்தார். குங்ஃபூ பழக்குகிற மனிசன். இருப்பதும் எழும்புவதும் பூனை மாதிரி. அவர் பொத்தென்று இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஒரு மேசையில் இரண்டு சோறு

போன கிழமை இந்தப் பக்கங்களில், நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையை மூடிய கதையைச் சொன்னேன். அதில் லாமைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு பந்தியில் அடங்குகிற ஆள் இல்லை அவர்.

லாம் வியட்நாமில் பிறந்த சீனர். வள்ளத்தில் தப்பி வந்தவர். தொழிற்சாலையில் அவர் துணி வெட்டுவார், நான் தைப்பேன். மத்தியானத்தில் எல்லாரும் கறுத்தப் பாண் தின்பார்கள். சோற்று டப்பா இரண்டுதான், ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. அவர் என் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்ப்பார். நான் அவருடைய புளிக்க ஊறப்போட்ட கோவா இலையைப் பார்ப்பேன். சில மாதம் பார்த்துக்கொண்டே இருந்தோம். பிறகு ஒரு நாள் ஒன்றும் கதைக்காமல் டப்பாக்களை மாற்றிக்கொண்டோம்.

எங்களுக்குள் டேனிஷ்தான். டேனிஷ்காரருக்கு என் டேனிஷும் விளங்காது, லாமின் டேனிஷும் விளங்காது. ஆனால் ஒருவர் கதைப்பது மற்றவருக்கு வடிவாக விளங்கும். அதனால் லாம் சொன்னதையெல்லாம் நான் என் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது.

வெட்டுமேசையில் அவர் நிற்கிற விதம் ஒரு வேடிக்கை. காலை அகட்டி, முழங்காலை மடித்து, இல்லாத கதிரையில் இருப்பது போல நிற்பார். மேலாளர் நாரிப்பிடிப்பாக்கும் என்று நினைத்து மருந்துக் களிம்பு கொடுத்தார். லாம் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். பிறகுதான் எனக்குச் சொன்னார், அது குதிரை நிலையாம். அவருடைய அடிமுறையில் அதுதான் முதல் பாடமாம். எட்டு மணித்தியால வேலை, எட்டு மணித்தியாலப் பயிற்சி. சம்பளம் ஒன்றுதான்.

தொழிற்சாலை மூடிய பிறகு அவர் சில்க்போர்க் நகரத்தில் ஒரு விளையாட்டு மண்டபத்தில் குங்ஃபூ வகுப்புத் தொடங்கினார். அடியும் சிங்க ஆட்டமும் அவருக்கு வேறு வேறு இல்லை. இரண்டு பேர் ஒரு சிங்கம். ஒருவர் தலையைத் தூக்கி ஆடுவார், மற்றவர் குனிந்து உடம்பும் வாலுமாக வருவார். கால் ஊன்றத் தெரியாதவன் தலையைத் தூக்கக் கூடாது என்பது லாமின் கட்டளை. இரண்டு வருடம் குதிரை நிலையில் நின்ற பிறகுதான் சிங்கத்தைத் தொட விடுவார்.

அவரிடம் இருந்த பழைய சிங்கத்தின் மூங்கில் முறிந்து போயிற்று. அவர்களுடைய முறைப்படி அதை எரித்துவிட்டார். சீனாவிலிருந்து புதிதாக ஒன்று எடுப்பித்தார். தலை நன்றாக வந்தது. உடம்புத் துணி கப்பலில் ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதனால்தான் சிங்கம் என் வீட்டுக்கு வந்தது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இந்தப் பக்கங்களை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நான் தைத்த தையல் பிரிந்தது என்று இந்த நாட்டிலும் எவரும் சொன்னதில்லை, அந்த நாட்டிலும் எவரும் சொன்னதில்லை.

பரமேஸின் கண்

சிங்கம் வந்த முதல் கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மஞ்சள் பட்டுத் துணி, அதன் மேல் வரிவரியாகச் செம்மறி மயிர். மயிர் பறந்து பருப்புக் கறிக்குள்ளும் விழுந்தது. நான் பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் கிழமை பரமேஸ் வந்தாள். பரமேஸ்வரி அடுத்த தெருவில் இருப்பவள். முதியோர் இல்லத்தில் வேலை. என்னை அக்கா என்பாள். எனக்குக் கார் ஓடத் தெரியாததால் இருபது வருடமாக அவளுடைய காரில்தான் என் போக்குவரத்து. அவளுடைய கடைசி மகள் ஆரணி காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்தப் பிள்ளைதான் லாமின் சிங்கத்துக்குத் தலை.

ஆரணியை லாமிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். பரமேஸ் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"பரதநாட்டியத்தில முதல் வரிசையில நிண்ட பிள்ளை அக்கா. நீங்கள்தான் அவளைச் சிங்கமாக்கினது."

"சிங்கத்திலயும் முதல் வரிசைதானே, தலை."

"குசினிக்குள்ள கால அகட்டிக்கொண்டு நிக்கிறாள். தொடையில தண்ணிக் கோப்பை. சிந்தாமல் நிக்கோணுமாம். ஆர் இவளைக் கட்டப் போறாங்கள்?"

அப்படிக் குறை சொல்லிக்கொண்டே சிங்கத்தின் முன்னால் போய் நின்றாள்.  தாடியைத் தடவினாள். காதை ஆட்டிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, என்ன வடிவு! உயிரோட இருக்கிற மாதிரியெல்லோ இருக்கு!"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நாள் காலை இரண்டு ஊசி முறிந்தன. மத்தியானம் மெஷினின் பட்டி அறுந்தது. பின்னேரம் நான் வால் துணியை ஒரு சாண் குறைத்து வெட்டினேன். நான், ஒரு சாண் குறைத்து!

இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? பிறந்த பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் வடிவு, வடிவு என்று சொல்லிவிட்டுப் போனால் தாய் என்ன செய்வாள்? நான் அதையே செய்தேன். கண்மையைத் தொட்டு, வலது கன்னத்தில் ஒன்று வைத்தேன். கண் கட்டை நான் தொடவில்லை. அதை அவிழ்க்க வேண்டாம் என்று லாம் சொல்லியிருந்தார். கன்னத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஊசியும் முறியவில்லை. இது சத்தியம்.

பாதித் தையல்

நிலத்தில் இருந்தபடியே லாம் சொல்லி முடித்தார்.

புதுச் சிங்கம் நித்திரையில் இருக்கிறதாம். அதைச் சபைக்கு நடுவில் எழுப்ப வேண்டுமாம். ஒருவர் தூரிகையால் சிவப்புப் பொட்டு வைப்பார். கண்ணில், நெற்றியில், மூக்கில், வாயில், காதில், முதுகில், கடைசியில் வாலில். அப்போதுதான் அதற்கு உயிர். அதற்கு முன் எந்த மனிதக் கையும் அதன் முகத்தில் நிறம் வைக்கக் கூடாது. அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய புது வருடக் கொண்டாட்டம். மேயர் வந்து பொட்டு வைப்பதாக ஏற்பாடு.

"நல்லெண்ணெயில துடைச்சால் போயிடும், லாம்."

"நிறம் போகும். பொட்டு போகாது."

"எனக்குத் தெரியாதே."

"நான் சொல்லேல்லை. அளவு சொல்லாமல் தைக்கக் குடுத்தால் பிழை வெட்டிக் குடுத்தவனில." கறுப்புப் பொட்டை மறுபடி பார்த்தார். "ஆனால் அது பாதி முழிச்சிட்டுது, பூமா. முதல் பொட்டு வைச்ச கைதான் மிச்சப் பொட்டும் வைக்கோணும். என்ர குரு அப்பிடித்தான் சொல்லித் தந்தவர். சனிக்கிழமை நீர் வந்து எழுப்பும். மேயருக்கு வேற வேலை குடுப்பம்."

விரிப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"என்னால ஏலாது."

"ஏன்?" என் கையைப் பிடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "கையில வருத்தமோ?"

வாய் நிறையக் குண்டூசி

என் அவர் காலமாகிப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்படிப்பட்ட பெண்ணுக்குத் தமிழில் இருக்கிற சொல்லை நான் எனக்குப் பாவிப்பதில்லை.

அவர் போன மூன்றாம் மாதம் ஒரு கலியாண வீடு. பன்னீர் தெளித்து, சந்தனமும் குங்குமமும் நீட்டிக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை வரிசையாக வந்தது. என் கதிரைக்கு முன்னால் வந்ததும் தட்டு அப்படியே அடுத்த கதிரைக்குப் போயிற்று. பிள்ளையில் பிழை இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்தது.

அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி எந்தத் தட்டும் என்னைத் தாண்டிப் போகாது என்று. தட்டு வருகிற இடத்தில் நான் இருந்தால்தானே தாண்டும்.

அன்று முதல் எந்த விசேஷத்திலும் எனக்கு ஒரு இடம் உண்டு. பொம்பிளை உடுத்தி வெளிக்கிடுகிற அறை. இடுப்பில் நூல்கட்டை, கையில் ஊசி, வாய் நிறையக் குண்டூசி. கொக்கி கழன்றால், சட்டை இறுகினால், சேலை கிழிந்தால், "பூமணி அக்கா எங்கே" என்று எல்லாரும் என்னைத் தேடி வருவார்கள். நான் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. என்னை ஒருவரும் பின்னுக்குத் தள்ளவில்லை. தள்ளுவதற்கு முன் நானே போய்விட்டேன். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆரணி பெரியபிள்ளையான சாமத்திய வீடும் அந்தக் காலத்தில்தான் வந்தது. அவள் போட்ட சட்டை நான் தைத்தது. பெண்கள் ஒவ்வொருவராக மேடையில் ஏறிப் பொட்டு வைத்தார்கள். நான் அறை வாசலில் நின்று பார்த்தேன். பிள்ளை மேடையிலிருந்து என்னைக் கண்டுவிட்டாள். ஏன் பெரியம்மா வரவில்லை என்று தாயிடம் டேனிஷில், சத்தமாகக் கேட்டாள்.

"பெரியம்மாவுக்கு வேலை இருக்கு" என்றாள் பரமேஸ். நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வாயில் இருந்த குண்டூசிகளைக் காட்டித் தலையாட்டினேன். எவ்வளவு வசதி பாருங்கள், வாயில் குண்டூசி இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் லாமுக்கு நான் என்ன டேனிஷில் சொல்வது? "புருஷன் செத்தது. சிவப்பு வைக்கக் கூடாது. எங்கட சட்டம்" என்றேன்.

லாம் யோசித்தார்.

"என்ர மனிசியும் செத்துப் போச்சு. நான் வைச்சால்?"

"ஆம்பிளையளுக்கு அது இல்லை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் உம்மட சட்டத்தில கை வைக்கேல்லை, பூமா. நீர் என்ர சட்டத்தில வைச்சிட்டீர்."

எனக்குச் சுருக்கென்றது. நியாயமான கதை. நியாயமாக ஒருவர் சொல்லிவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

"நீர் வராட்டில் சிங்கம் வராது" என்றார். "பழசை எரிச்சாச்சு. சனிக்கிழமை மேளம் மட்டும் அடிப்பன். ஆரணிக்கு நான் சொல்லுறன்."

தேத்தண்ணி குடிக்காமலே எழும்பினார். சப்பாத்துப் போடக் குனிந்தார். அவருடைய முதுகைப் பார்த்தபடி நான் நின்றேன். அந்தப் பிள்ளை தொடையில் தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு நின்றது எத்தனை நாள்? திரும்பினேன். கதிரையில் மஞ்சள் தலை. பாதி வேலை. பாதி தைத்த துணியை நான் எவரிடமும் கொடுத்தது கிடையாது.

"லாம், எத்தினை மணிக்கு?" என்று கேட்டேன்.

காருக்குள்

சனிக்கிழமை பரமேஸின் காரில் போனோம். சிங்கம் முதல் நாளே லாமுடன் போய்விட்டது. பிராண்டேயிலிருந்து சில்க்போர்க் வரும் வரைக்கும் பனித்தூறல். கண்ணாடி துடைக்கிற சத்தம்தான் காருக்குள் கேட்டது.

"அக்கா, ஒண்டு சொல்லுவன். கோவிக்கக் கூடாது."

"கோவிக்கிற விசயமெண்டால் கோவிப்பன்."

"எங்கட சனம் கனபேர் வருகுது. நான்தான் எல்லாருக்கும் சொன்னனான், என்ர பிள்ளை ஆடுதெண்டு. அப்ப நீங்கள் அங்க, நடுவில, சிவப்பு..." வீதியைப் பார்த்தபடி இழுத்தாள். "எனக்கொண்டுமில்லை. நான் அப்பிடிப் பாக்கிற ஆளில்லை. சனம் கதைக்கும்."

"கதைக்கத்தானே வாய்."

"அதில்லை அக்கா. அவள் அந்த மொர்டனின்ர தோளில ஏறி நிக்கப் போறாள். பின்னுக்கு வாறவன் அவன்தான். ஆள் பெரிய ஆள்தான், தச்சுவேலை செய்யிறவன். எண்டாலும், ஏதும் பிசகினால்..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை. லாம் வந்து போன நாளிலிருந்து என் மனதில் கிடந்ததும் அதுதான். பிள்ளை விழுந்தால் கால் வழுக்கியது என்று சொல்ல மாட்டார்கள். எந்தக் கை பொட்டு வைத்தது என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"அந்தக் கறுத்தப் பொட்டு ஆரின்ர கண்ணுக்கு வைச்சதெண்டு தெரியுமோ?" என்றேன்.

"ஆரின்ர?"

"உயிரோட இருக்கிற மாதிரி எண்டு சொன்னது ஆர்?"

பரமேஸ் கண்ணாடி துடைக்கிறதை வேகமாக்கினாள். 

கண் திறந்த சனிக்கிழமை

மண்டபத்தில் றப்பர் மணமும் கோப்பி மணமும். ஒரு பக்கம் சீன, வியட்நாம் குடும்பங்கள். நடுவில் டேனிஷ்காரர். இடது பக்கம் எங்கள் சனம், குளிர்ச் சட்டையைக் கழற்றாமல்.

முதலில் லாமின் மாணவர்கள் கம்பு சுழற்றினார்கள். வெறும் கையால் அடித்தார்கள், தடுத்தார்கள். நிலத்தில் கால் விழுகிற சத்தம் கதிரைக் காலில் ஏறியது. பிறகு எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில் ஒரு நீலப் பாயில் சிங்கம் சுருண்டு படுத்திருந்தது. நான் தைத்த உடம்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள்.

லாம் என்னைப் பார்த்தார். எழும்பினேன். எங்கள் பக்கம் ஒரு சலசலப்பு. நான் திரும்பவில்லை.

ஒரு சின்ன வெள்ளைக் கிண்ணத்தைக் கையில் தந்தார். சிவப்புத் தூளை அரிசிச் சாராயத்தில் குழைத்திருந்தார்கள். மணம்தான் வேறு. நிறம் அதே நிறம். பன்னிரண்டு வருடமாக நான் கையில் எடுக்காத நிறம்.

சிங்கத்தின் முன்னால் முழங்காலில் இருந்தேன். கண் கட்டை அவிழ்த்தேன். பெரிய வெள்ளைக் கண்கள், மணி இல்லாமல்.

தூரிகையை எடுத்தேன்.  கண்ணாடி போடாமல் ஊசிக்கு நூல் கோக்கிற கை இது. லாம் மெதுவாகச் சொல்லச் சொல்ல, தூரிகையைத் தொட்டு வைத்தேன். வலது கண். இடது கண். நெற்றிக் கண்ணாடி. மூக்கு. கன்னத்தில் என் கறுப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அதை ஒருவரும் துடைக்கவில்லை.

"வாய்" என்றார் லாம்.

குனிந்தேன். சிங்கத்தின் வாய் தானாகத் திறந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் ஆரணியின் முகம். நெற்றியில் மயிர் ஒட்டிப்போய், வேர்வை மினுங்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்கத்தின் நாக்கில் சிவப்பு வைத்தேன். தூரிகையை எடுக்கும்போது அவள் முகத்தை முன்னுக்குக் கொண்டுவந்தாள்.

"எனக்கும் வையுங்கோ, பெரியம்மா."

நான் எதைக் கேட்டாலும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை. தமிழில் சொன்னாள். மெல்லமாகச் சொன்னாள். வெளியில் ஒருவருக்கும் கேட்டிருக்காது.

இந்த முறை என் வாயில் குண்டூசி இல்லை.

விழுந்தால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். சிங்கத்துக்கு வைத்ததற்கு லாமின் சட்டம் என்று சாட்டுச் சொல்லலாம். இதற்கு என்ன சாட்டு?

தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தேன். மோதிர விரலைச் சிவப்பில் தொட்டு, சிங்கத்தின் பல்லுக்கு நடுவால் கையை விட்டு, பிள்ளையின் நெற்றியில் வைத்தேன். சூடான நெற்றி. அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

பிறகு காது, முதுகு, வால். எழும்பி என் கதிரைக்கு வந்தேன். லாம் மேளத்தடியைத் தூக்கினார்.

சலாட் இலை

முதல் அடிக்கு ஒரு காது அசைந்தது. இரண்டாம் அடிக்கு ஒரு கண் இமை. பிறகு தலை முழுவதும் சிலிர்த்தது. தாளம் சேர்ந்தது. சிங்கம் எழும்பி, உடம்பை உதறி, மூன்று தரம் கும்பிட்டது. சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு தாய்மாரின் மடியில் ஏறின. என் தையல் இழுபட்டது, சுருங்கியது, விரிந்தது. ஒரு இடத்திலும் விடவில்லை.

மேயருக்கு லாம் கொடுத்த வேலை, நீளத் தடியின் நுனியில் சலாட் இலைக் கட்டைக் கட்டி உயரப் பிடிப்பது. சிங்கம் எட்டிப் பறிக்க வேண்டும். கழுத்தில் பதவிச் சங்கிலியோடு, தூண்டில்காரன் மாதிரி அவர் நின்றார்.

சிங்கம் பதுங்கியது. மொர்டன் குதிரை நிலையில் நின்றான். ஆரணி அவன் தொடையில் ஒரு கால், தோளில் ஒரு கால் என்று ஏறினாள். தலை உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. அந்த நேரம் பார்த்து மேயர் பயந்து தடியைப் பின்னுக்கு இழுத்தார்.

ஆரணி எட்டினாள். ஒரு கால் வழுக்கியது.

சிங்கத்தின் தலை ஒரு பக்கம் சரிந்தது. பரமேஸ் என் கையைப் பிடித்தாள். சிவப்புக் கையை. எலும்பு நொறுங்குகிற மாதிரிப் பிடித்தாள்.

மேளம் நிற்கவில்லை. லாம் கண்ணைச் சிங்கத்திலிருந்து எடுக்காமல் அடியை மாற்றினார். டமடம என்று கேட்ட அடி, மழை தூறுகிற மாதிரி மெதுவாக, கிட்டக் கிட்ட விழுந்தது. சிங்கம் பயந்து நடுங்குகிறதாக்கும் என்று சனம் சிரித்தது. துணிக்குள்ளே மொர்டனின் கால் இரண்டும் நிலத்தில் நட்ட மரம் மாதிரி நின்றன. தொங்கின கால் அவன் தோளைத் தேடியது. தடவியது. ஊன்றியது.

சிங்கம் நிமிர்ந்தது. லாம் ஓங்கி அடித்தார். சலாட் கட்டு சிங்கத்தின் வாய்க்குள் போயிற்று. மென்று, கிழித்து, சபைக்கு மேல் துப்பியது. இலை மழை. ஒரு இலை பரமேஸின் மடியில் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என் கையையும் விடவில்லை.

ஆட்டம் முடிந்து தலையைக் கழற்றிய பிறகு ஆரணி எங்களிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றிப் பொட்டு வேர்வையில் கரைந்து மூக்கு நுனி வரை ஒரு சிவப்புக் கோடாக இறங்கியிருந்தது.

பரமேஸ் மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அதிலும் சிவப்பு. எங்கள் சனம் எழும்பி, கதைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"உங்கட பொட்டு ஒழுகுது, அக்கா" என்றாள்.

"சிங்கத்துக்கு வைச்சது ஒழுகேல்லை. பிள்ளை அந்த மொர்டன் மரத்தில ஏறி வேர்த்தால் நான் என்ன செய்யிறது?"

பரமேஸ் கைப்பையைத் திறந்து ஒரு கடதாசித் துவாலையை எடுத்தாள். பொட்டை அழிக்கப் போகிறாள் என்று நான் வேறு பக்கம் திரும்பப் பார்த்தேன். ஆனால் திரும்பவில்லை.

மகளின் நாடியைப் பிடித்து நிமிர்த்தினாள். மூக்கு நுனியைத் துடைத்தாள். மூக்குத் தண்டைத் துடைத்தாள். புருவங்களுக்கு நடுவே வந்ததும் துவாலையை மடித்து, அதன் முனையால், பொட்டைச் சுற்றி வழிந்திருந்ததை வட்டமாக ஒற்றி எடுத்தாள். சந்தனம் வைத்த பிறகு ஓரம் ஒதுக்குவோமே, அந்த மாதிரி.

பொட்டை விட்டுவிட்டாள்.

"இப்ப சரி" என்றாள், வந்து நின்ற சனத்துக்கும் கேட்கும்படியாக.